எடுகோள்களில் தொடங்கும் படிப்பு: எம்.ஏ. பொருளாதாரம் ஏன் இவ்வளவு மாறிவிடுகிறது?

பி.ஏ. பொருளாதாரத்தைத் தமிழ்வழியில் படித்த யாரிடமாவது சமநோக்கு வளைகோட்டை (ஒருவருக்கு ஒரே அளவு திருப்தி தரும் பொருள் சேர்க்கைகளை இணைக்கும் கோடு) பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். விடை எப்படி இருக்கும் என்று எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். முதலில் முன்னுரை, அடுத்து இலக்கணம். அப்புறம் ‘எடுகோள்கள்’, அதாவது உண்மை என்று வைத்துக்கொண்டு தொடங்குபவை, என்று அடிக்கோடு போட்ட ஒரு துணைத்தலைப்பு. நுகர்வோர் பகுத்தறிவோடு நடந்துகொள்கிறார், அவருடைய வருமானம் மாறவில்லை, விலைகள் மாறவில்லை, சுவையும் விருப்பமும் மாறவில்லை என்று அதன் கீழே நாலைந்து வரி. பிறகு பென்சிலில் படம், குறைபாடுகள், முடிவுரை. நானும் மூன்று வருடம் இப்படித்தான் எழுதினேன். எடுகோள்களை எழுதினால் இரண்டு மதிப்பெண் நிச்சயம் என்பதால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

எம்.ஏ. படிக்க டெல்லிக்குப் போனேன். முதல் வாரம், மைக்ரோ வகுப்பு; தனி நுகர்வோர், தனி நிறுவனம் எப்படி முடிவெடுக்கிறது என்று பார்க்கும் பாடம். ஆசிரியர் பலகையில் ஆங்கில ‘ஏ’ ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து எழுதினார். அதற்கு ‘எல்லாவற்றுக்கும்’ என்று பொருள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொல்கத்தா பையன்தான் காதில் சொன்னான். அந்த ஒரு மணி நேரமும் ஒரே கேள்வி. ஒருவருக்கு எந்த இரண்டு பொருள்கட்டுகளை (இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்ற சேர்க்கைகளை) கொடுத்தாலும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரியும். அவர் சொல்லும் வரிசையில் முரண்பாடும் கிடையாது. இந்த இரண்டு எடுகோள்களை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய விருப்பங்களை எண்களாக எழுதிவிட முடியுமா? அதாவது ‘பயன்பாடு’ (ஒரு பொருள் தரும் திருப்தி) என்று நாம் மூன்று வருடம் அளந்த அந்தப் பொருள் உண்மையில் இருக்கிறதா?

முடியாது என்பதுதான் விடை. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல ஒருவர் விருப்பங்களை அடுக்குகிறார் என்று வையுங்கள். எந்தக் கட்டில் அரிசி அதிகமோ அதுவே அவருக்கு மேல். அரிசி சரிசமமாக இருந்தால் மட்டும் பருப்பைப் பார்ப்பார். இவர் நன்றாக ஒப்பிடுகிறார், முரண்படவும் இல்லை. ஆனாலும் இவருடைய விருப்பத்தை எந்தக் கணிதச் சார்பாலும் (ஃபங்ஷன்) எண்ணாக்க முடியாது. ஒவ்வோர் அரிசி அளவுக்கும் எண்கோட்டில் ஒரு தனி இடைவெளி ஒதுக்க வேண்டும். அரிசியின் அளவுகளோ எண்ணி முடிக்க முடியாதவை. அத்தனை தனித்தனி இடைவெளிகளுக்கு எண்கோட்டில் இடம் கிடையாது. இவருக்குச் சமநோக்கு வளைகோடே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தனியாக நிற்கிறது. இந்த எடுத்துக்காட்டை 1954-இல் கொடுத்தவர் பொருளியலாளர் ஜெரார்ட் டெப்ரூ. விருப்பங்கள் தொடர்ச்சியானவை என்று இன்னோர் எடுகோளைச் சேர்த்த பிறகுதான் பயன்பாட்டுச் சார்பு கிடைக்கிறது.

விடுதிக்குத் திரும்பி அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பட்டியல் இப்போது பாடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. பி.ஏ.வில் முடிவைத்தான் படிக்கிறோம். விலை ஏறினால் தேவை குறையும், சரி. எம்.ஏ.வில் அந்த முடிவு எந்த எடுகோளின் மேல் நிற்கிறது, அதை உருவினால் எது சரியும், எது தப்பிக்கும் என்று படிக்கிறோம். மேல்படிப்புப் பொருளாதாரத்தில் கணக்கு இவ்வளவு வருவதற்கு முக்கியமான காரணம் இதுதான். ‘இந்த எடுகோளிலிருந்து இந்த முடிவு வரும்’ என்பதை யாரும் மறுக்க முடியாதபடி சொல்ல நிரூபணம் வேண்டும்.

இந்த மாற்றத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரிலேயே ‘நமக்கு மூளை போதாது’ என்று ஒதுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பத்தாம் வகுப்பு முடிந்த அந்த ஜூன் மாதத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பதினைந்து வயதில் எடுத்த முடிவு

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கிறோம். கணக்கு நன்றாக வரும் பிள்ளையை முதல் குரூப்பில் போட்டு, அங்கிருந்து பொறியியலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பொருளியல் என்ற பாடம் பெரும்பாலும் வணிகவியல், கணக்குப்பதிவியல் அல்லது வரலாற்றோடு சேர்ந்து வரும். அந்தக் குரூப்களில் பலவற்றில் கணிதம் கிடையாது; சில பள்ளிகளில் மட்டும் வணிகக் கணிதம் உண்டு. ஆகப் பொருளாதாரம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கணக்கைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்கள். கணக்குப் படித்தவர்கள் பொருளாதாரத்தின் பக்கம் வருவதே இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரம் சேரவே பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் வேண்டும். எம்.ஏ. வகுப்பில் அப்படி வந்தவரும் நாமும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். நடுவே ஐந்து வருடக் கணக்கு இடைவெளி.

இதற்கு மேல் மொழி வேறு. வணிகக் கணிதம் படித்த தமிழ்வழிப் பிள்ளைக்கு வகைக்கெழு தெரியும், அணி தெரியும், கணம், சார்பு, நிகழ்தகவு எல்லாம் தெரியும். டெரிவேட்டிவ், மேட்ரிக்ஸ், செட், ஃபங்ஷன், ப்ராபபிலிட்டி என்று பலகையில் வரும்போது எல்லாமே புதிதாகத் தோன்றும். தெரிந்ததையே தெரியாது என்று நினைத்துப் பயப்படுவது ரொம்ப வேதனையான விஷயம். நான் அதை ஒரு செமஸ்டர் முழுக்க அனுபவித்தேன்.

கடந்த சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் எம்.ஏ. நுழைவுத்தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். எல்லோருமே கல்லூரிகளில் கலைப்பிரிவில் படிப்பவர்கள். அவர்களிடம் நான் முதலில் கொடுப்பது, ஒரு கட்டுப்பாட்டுக்குள் உச்சத்தைக் கண்டுபிடிக்கும் லக்ராஞ்சு முறையில் ஒரு கணக்கு. இட்லி 10 ரூபாய், காபி 20 ரூபாய், கையில் 200 ரூபாய். இட்லியின் எண்ணிக்கையைக் காபியின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது பயன்பாடு என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வாங்கினால் பயன்பாடு உச்சம்?

பகுதி வகைக்கெழு எடுத்துப் போட்டால் 10 இட்லி, 5 காபி என்று வரும். பயன்பாடு 50. இதுவரை எல்லோரும் போட்டுவிடுவார்கள். கணக்கில் லாம்டா என்று ஒரு கிரேக்க எழுத்தும் கூடவே வருகிறது. அதன் மதிப்பு 0.5. ‘விடைதான் வந்துவிட்டதே, லாம்டா எதற்கு?’ என்று அதை அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். சென்ற வருடம் ஒரு பெண், நான் சொல்லாமலே, 200 ரூபாய்க்குப் பதில் 201 ரூபாய் வைத்துக் கணக்கை மறுபடி போட்டாள். விடை 50.5 வந்தது. “அண்ணா, ஒரு ரூபாய் கூடினா அரை ஏறுது. லாம்டாவும் அரைதான்!” என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள். கையிலிருக்கும் பணத்தில் கடைசி ஒரு ரூபாயின் மதிப்புதான் லாம்டா. பி.ஏ.வில் ‘பணத்தின் இறுதிநிலைப் பயன்பாடு’ என்று அவள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்த அதே சங்கதி.

இந்த எழுத்து பட்ஜெட்டோடு நிற்பதில்லை. மேட்டூர் அணையில் இருக்கும் தண்ணீரைக் குறுவைக்கும் சம்பாவுக்கும் எப்படிப் பிரிப்பது என்று இதே முறையில் கணக்கிட்டால், தண்ணீர் இவ்வளவுதான் என்ற கட்டுப்பாட்டின் லாம்டா, இன்னும் ஒரு டிஎம்சி கிடைத்தால் விளைச்சலின் மதிப்பு எவ்வளவு கூடும் என்று சொல்லும். சந்தையில் அந்தத் தண்ணீருக்கு விலையே இல்லாவிட்டாலும் கணக்குக்குள் ஒரு விலை பிறந்துவிடுகிறது. அதை நிழல் விலை என்பார்கள். திட்டமிடுதல், மின்சாரம், சுற்றுச்சூழல் என்று எங்கு போனாலும் இதுவே திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் இந்த முறையும் ஓர் எடுகோளில்தான் நிற்கிறது. காபியே குடிக்காத ஒருவருக்கு இதே லக்ராஞ்சு கணக்கை இயந்திரம்போலப் போட்டால் அபத்தமான விடை வரும், ஏனென்றால் அவருடைய உச்சம் பட்ஜெட் கோட்டின் ஓரத்தில் இருக்கிறது: 20 இட்லி, காபி பூஜ்ஜியம். ஓரத்து விடைகளைக் கையாளக் குன்–டக்கர் நிபந்தனைகள் வேண்டும். 1951-இல் அவர்கள் இருவரும் அதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 1939-இல் வில்லியம் கரூஷ் என்பவர் தன் முதுகலை ஆய்வேட்டில் அதைக் கண்டுபிடித்திருந்தார், யாரும் கவனிக்கவில்லை. இப்போது மூவர் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஒரு முதுகலை மாணவர் செய்த வேலை இது என்பதை என் ஞாயிறு வகுப்பில் தவறாமல் சொல்வேன்.

சந்தைக்குச் சமநிலை உண்டா?

தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டும் இடம் சமநிலை. ஒரு சந்தைக்குப் படம் போட்டால் வெட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அரிசி விலை இட்லி விலையைப் பாதிக்கும், இட்லி விலை கூலியைப் பாதிக்கும், கூலி மறுபடி அரிசியைப் பாதிக்கும். எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலைக்கு வரும்படி ஒரு விலைத்தொகுதி இருக்கிறதா? லியோன் வால்ரா 1874-இல் இந்தக் கேள்வியைச் சமன்பாடுகளாக எழுதினார். சமன்பாடுகளும் மாறிகளும் எண்ணிக்கையில் பொருந்துகின்றன என்பதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. எண்ணிக்கை பொருந்தினால் தீர்வு இருக்கும் என்று சொல்ல முடியாது. 1954-இல்தான் கென்னத் ஆரோவும் டெப்ரூவும் சேர்ந்து நிலைப்புள்ளித் தேற்றம் என்ற கணிதக் கருவியால் நிரூபித்தார்கள். லயனல் மெக்கென்ஸி தனியாகச் செய்த நிரூபணமும் அதே வருடம் வந்தது. ஒரு கேள்விக்கு எண்பது வருடம்.

இந்த நிரூபணத்தைப் படிக்கும்போது இரண்டு விதமான மாணவர்கள் உருவாவதைக் கவனித்திருக்கிறேன். ‘பார், சந்தை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று கணக்கே சொல்கிறது’ என்பவர்கள் ஒரு பக்கம். ‘இதெல்லாம் பணக்கார நாட்டுக்காரன் கதை’ என்று புத்தகத்தை மூடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரு சாராருமே எடுகோள்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அந்தத் தேற்றம் ஒரு சமநிலை இருக்கும் என்று மட்டும்தான் சொல்கிறது. அது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும் என்றோ, சந்தை தானாக அங்கே போய்ச் சேரும் என்றோ அது சொல்லவே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் சோனன்ஷைன், மான்டெல், டெப்ரூ ஆகியோர் செய்த வேலை, அப்படிப் பொதுவாகச் சொல்லவும் முடியாது என்று காட்டியது. தன்னால் எதைச் சொல்ல முடியாது என்பதைத் தானே நிரூபித்துக் காட்டிய துறை இது. எனக்கு இந்தப் படிப்பின் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

கணக்கு பொருளாதாரத்தை ஏழைகளிடமிருந்து பிரித்துவிடுகிறது என்ற புகாருக்கு என் பதில் அமர்த்திய சென். அவர் 1963 முதல் 1971 வரை டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஆசிரியர். அங்கே இருந்தபோது எழுதி 1970-இல் வெளியான, கூட்டுத்தேர்வு (பலருடைய விருப்பங்களிலிருந்து ஒரு சமூகம் எப்படித் தேர்ந்தெடுப்பது) பற்றிய அவருடைய நூலின் அமைப்பே விசேஷமானது. ஓர் அத்தியாயம் சாதாரண நடையில் இருக்கும்; அதே பொருளை நட்சத்திரக் குறியிட்ட அடுத்த அத்தியாயம் கணிதத்தில் சொல்லும். நட்சத்திர அத்தியாயங்களை விட்டுவிட்டுப் படித்தாலும் வாதம் புரியும். கணக்குத் தெரிந்தவர் இரண்டையும் படித்தால், சாதாரண நடையில் வந்த ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு அளந்து போடப்பட்டது என்று தெரியும். வறுமையை எப்படி அளப்பது என்று பின்னாளில் அவர் கேட்ட கேள்விகளும் இதே பழக்கத்திலிருந்து வந்தவைதான்.

நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பார்க்கும் மேக்ரோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே மாணவர்களை மிரட்டுவது காலம். இன்று ஒரு ரூபாய் சேமித்தால் நாளை என்ன, நாளை மறுநாள் என்ன என்று முடிவில்லாமல் போகும் கணக்கை ஒரே சமன்பாட்டில் அடைக்கிறார்கள். அதற்குத் தீர்வு உண்டு என்பதை கணிதவியலாளர் பனாக் 1922-இல் கொடுத்த சுருக்கத் தேற்றம் உறுதி செய்கிறது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் விஷயம் எளிது. தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றைத் திருச்சியில் ஒரு மொட்டைமாடியில் விரியுங்கள். வரைபடத்தில் ஏதோ ஒரு புள்ளி, அது குறிக்கும் உண்மையான இடத்தின் நேர் மேலேயே இருக்கும். ஒரே ஒரு புள்ளிதான் அப்படி இருக்கும். வரைபடத்துக்குள் அந்த மாடி, மாடிக்குள் வரைபடம் என்று சுருக்கிக்கொண்டே போனால் கடைசியில் அந்தப் புள்ளியில் வந்து நிற்போம். மேக்ரோவில் கணினி செய்வதும் அதுதான். ஒரு குத்துமதிப்பான விடையில் தொடங்கி, திரும்பத் திரும்பச் சுருக்கி உண்மையான விடைக்கு வருகிறது.

மேக்ரோவில் தவறவிடக்கூடாத இன்னொன்று பொருளியலாளர் ராபர்ட் லூக்கஸ் 1976-இல் வைத்த விமர்சனம். நம் ஊர்க் கடன் தள்ளுபடியை வைத்தே அதைச் சொல்லலாம். கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கியவர்கள் இதுவரை எப்படித் திருப்பிக் கட்டினார்கள் என்ற பழைய புள்ளிவிவரத்தை வைத்து, தள்ளுபடி கொடுத்தால் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடுகிறோம். ஆனால் தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று ஊர் எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகு, யார் கடன் வாங்குவார், யார் கட்டாமல் காத்திருப்பார் என்பதே மாறிவிடும். கொள்கை மாறினால் நடத்தையும் மாறும்; பழைய உறவை வைத்துப் புதிய கொள்கையை எடைபோட முடியாது. நடத்தை மாறாது என்பதும் ஓர் எடுகோள்தான், யாரும் எழுதி வைக்காத எடுகோள்.

பேருந்துக்குக் கட்டணம் இல்லை. அதனால் என்ன மாறியது?

மூன்றாவது பாடம் எகனாமெட்ரிக்ஸ். தமிழில் பொருளாதார அளவையியல் என்பார்கள்; தரவை வைத்துப் பொருளாதாரக் கேள்விகளுக்கு விடை தேடும் பாடம். இன்று ஒரு மாணவர் எம்.ஏ. முடித்து வேலைக்குப் போனால் தினமும் கைகொடுப்பது இதுதான். இதில் மனம் வைத்தவர்கள் வீணாய்ப் போனதில்லை.

அந்த இட்லிக் கணக்குப் பெண் தன் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்போடு வந்தாள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் வேலைக்குப் போகும் பெண்கள் கூடியிருக்கிறார்களா? அவளுடைய அம்மா அந்தப் பேருந்தில்தான் தினமும் வேலைக்குப் போகிறார். கேள்வி வீட்டிலிருந்தே வந்தது.

முதல் யோசனை, திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது. இங்கேதான் படிப்பு வேலை செய்ய வேண்டும். திட்டம் வந்த அதே மாதம் 10-ஆம் தேதி மாநிலத்தில் முழு ஊரடங்கு. கொரோனாவின் இரண்டாம் அலை. அதற்கு அடுத்த வருடம் வேலைக்குப் போன பெண்கள் கூடியிருந்தால் அது பேருந்தாலா, ஊரடங்கு நீங்கியதாலா? இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இரண்டாவது யோசனை, பேருந்தில் போகும் பெண்களையும் போகாத பெண்களையும் ஒப்பிடுவது. இன்னும் மோசம். வேலை இருப்பதால்தான் ஒருவர் பேருந்து ஏறுகிறார். பேருந்து வேலையைத் தந்ததா, வேலை பேருந்தில் ஏற்றியதா என்று பிரிக்க முடியாது. ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே மாறுவது) இருந்துவிட்டால் காரணம் இருக்கிறது என்று ஆகாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதை ஓர் ஆய்வில் தாண்டுவது எப்படி என்பதைத்தான் இரண்டு செமஸ்டர் படிக்கிறோம்.

மூன்றாவது யோசனை, பக்கத்து மாநிலத்தைச் சேர்ப்பது. கர்நாடகத்தில் இதேபோன்ற திட்டம் 2023 ஜூனில்தான் தொடங்கியது. ஊரடங்கு நீங்கியது இரண்டு மாநிலங்களுக்கும் பொது. தமிழ்நாட்டில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து கர்நாடகத்தில் அதே காலத்தில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்தால், பொதுவானது போய் மிச்சம் நிற்கும். வேறுபாட்டின் வேறுபாடு என்பது இதற்குப் பெயர். 1990-களில் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இதைப் பிரபலமாக்கினார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் மாற்றமில்லை. இரு பக்கத்திலும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். பாடப்புத்தகத் தேவைக் கோடு சொன்னபடி வேலைவாய்ப்பு குறைந்திருக்க வேண்டும். குறைந்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த முடிவு மேல் பல வருடம் சண்டை நடந்தது, அவர்களின் தரவையே கேள்வி கேட்டார்கள். 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் அப்போது உயிரோடு இல்லை.

சரி, அந்த முறையை இங்கே அப்படியே பொருத்திவிடலாமா? மறுபடி எடுகோள் வந்து நிற்கிறது. திட்டம் வராமல் போயிருந்தால் தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே போக்கில் போயிருக்கும் என்று நாம் நம்பியாக வேண்டும். நடக்காத ஒன்றைப் பற்றிய நம்பிக்கை அது. நேராகச் சோதிக்க வழியில்லை. திட்டத்துக்கு முந்தைய வருடங்களில் இரண்டு கோடுகளும் இணையாகப் போனதா என்று பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கர்நாடகத்தில் பெங்களூரு இருக்கிறது, நம்மிடம் திருப்பூர், கோவை. ஒரே போக்கு என்று எளிதில் சொல்லிவிட முடியுமா?

இதற்கான தரவு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017–18 முதல் தொழிலாளர் கணக்கெடுப்பை நடத்துகிறது. தனித்தனி ஆட்களின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல்முறை திறந்தால் வெறும் எண்களாக இருக்கும். 33 என்ற மாநிலக் குறியீட்டைத் தேடிப் பிடித்தால் அதுதான் தமிழ்நாடு. ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு மனிதர். அந்த வரியின் ஓரத்தில் ‘மல்டிப்ளையர்’ என்று ஓர் எண் இருக்கும். இந்த ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று அது சொல்கிறது. அதைச் சேர்க்காமல் சராசரி எடுத்தால் மாதிரியின் சராசரிதான் வரும், மாநிலத்தின் சராசரி வராது. அந்தத் தவறைச் செய்யாமல் யாரும் இதைக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

களத்துக்குப் போய்த் தரவு எடுப்பது நமக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கே அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு என்று விசாரித்து எழுதச் சொன்னார். அது 1918-இல் நூலாக வந்தது. அதில் இருந்த இருவேல்பட்டு, கங்கைகொண்டான் போன்ற ஊர்களை அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஊரை இவ்வளவு நீண்ட காலத்துக்குத் தொடர்ந்து பார்த்த பதிவுகள் உலகத்திலேயே அபூர்வம். அதைத் தொடங்கி வைத்தவர்கள் நம் மாணவர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இன்று பொருளாதாரம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

எங்கே படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு. சென்னைக்குள்ளேயே கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. வரிச்சீர்திருத்தத்துக்குப் பெயர்பெற்ற ராஜா செல்லையா முன்னின்று 1993-இல் தொடங்கியது. அடையாற்றில் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வுப் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல இடம். பொருளியலாளர் கே.என். ராஜ் திருவனந்தபுரத்தில் தொடங்கியது வளர்ச்சி ஆய்வு மையம். லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் கட்டிடங்களைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1949-இலிருந்து இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்எஸ்க்யூஇ என்ற அளவுசார் பொருளாதார முதுகலைப் படிப்புக்கு நுழைவுத்தேர்வில் ஒரு தாள் முழுக்கக் கணிதம். கணக்கில் நம்பிக்கை வந்துவிட்டவர்கள் தயங்காமல் எழுதலாம். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு முதுகலைப் பொருளாதாரம் தேவை, விடைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

தயாராவதற்கு நான் சொல்வது ஒன்றுதான். பெரிய ஆங்கிலப் புத்தகங்களில் தொடங்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். ஒரே பாடம், ஒரே கணக்கு என்று பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போகும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டு கணக்குகளைப் போட்டால் கணிதமும் சொற்களும் ஒன்றாக ஏறும். நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவு, நுகர்வோர் உபரி, உள்ளீடு–வெளியீட்டுப் பகுப்பாய்வு எல்லாம் அதிலேயே கணக்காக இருக்கிறது, பி.ஏ.வில் நாம் பத்தி பத்தியாக எழுதியவைதான். தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறேழு மாதத்தில் இரண்டு வருடப் புத்தகமும் முடியும். அதன் பிறகு நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் ஐஐடி ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் காணொளிகளில் பார்க்கலாம். எடுகோள்–முடிவு என்று நிரூபணம் எழுதும் பழக்கம் மட்டும் புத்தகத்தில் வராது. யாராவது ஒருவர் நம் நோட்டைப் பார்த்து ‘இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?’ என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்க ஒரு சீனியரோ ஒரு நண்பரோ கிடைத்தால் விடாதீர்கள்.

அந்தப் பெண் இப்போது எம்.ஏ. இரண்டாம் வருடத்தில் இருக்கிறாள். போன வாரம் இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: “அண்ணா, கர்நாடகா சரிவராது போல இருக்கு. 2017-லிருந்து ரெண்டு கோட்டையும் போட்டுப் பார்த்தேன், இணையா போகல. ஆந்திராவை வச்சுப் பார்க்கட்டுமா? அதுவும் ஒத்து வரலன்னா மாநிலத்தை விட்டுட்டு, நகரப் பேருந்து ஓடுற மாவட்டம், அதிகமா ஓடாத மாவட்டம்னு பிரிச்சுப் பார்க்கலாமான்னு யோசிக்கிறேன்.”